நின்றுபோன விசிறி

ஓராண்டு உழைத்துத் தயாரித்த வெள்ளீயச் சேர்மத்தின் மேல் போரான் குளோரைடைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா. திடீரென்று, புகையை வெளியே இழுக்கும் விசிறி நின்றுபோனது. குடுவையின் வாயிலிருந்து நச்சு வெண்புகை கசிந்தது.

“சிரிஞ்சைக் குடுத்துட்டு வெளிய போடி,” என்றாள் மூத்த மாணவி தமயந்தி.

“பாதியில நிறுத்தினா எல்லாம் வீணாயிடும்க்கா.”

“நான் முடிக்கிறேன். வயித்துல புள்ளையோட இங்க நிக்காத. காலையில நீ வாந்தி எடுத்தப்பவே தெரியும்.”

ஜெசிந்தா திடுக்கிட்டாள். கணவனிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. சிரிஞ்சைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். புகை தமயந்தியின் தோள்வரை ஏறியிருந்தது.

“போனாப் போகுது, விட்டுட்டு வாங்கக்கா!” என்று கண்ணாடியைத் தட்டினாள்.

தமயந்தி திரும்பவில்லை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சிரிஞ்சை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள்.