பின்வரிசையின் மெட்டு

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் காலை வெயில், கொட்டை எடுத்துக் குவித்த புளியின்மேல் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. புதூர்நாட்டின் புளிக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மதியம் ஜமுனாமரத்தூர் மேடையில் பாட வேண்டும். ஜீப் வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது. பாட்டு டீச்சர் அருணா எழுதிய சேர்ந்திசைப் பாட்டு இன்னும் ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. முன்வரிசைக்கு ஒரு மெட்டு, பின்வரிசைக்கு வேறு மெட்டு. இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஆனால் மூன்று வாரமாக, மூன்றாவது வரி வந்ததும் பின்வரிசை சுந்தரம்மாள் முன்வரிசையிலிருக்கும் தங்கை முத்தம்மாவின் மெட்டுக்குத் தாவிவிடுகிறாள். அவளோடு மொத்த வரிசையும் போய்விடுகிறது. கேட்டால், "அவளத் தனியா வுட்டுட்டு நான் எப்டி டீச்சர் வேற பக்கம் போவறது?" என்கிறாள்.

இது கடைசி ஒத்திகை. புளி தட்டும் கட்டையால் அருணா தாளம் தட்டுகிறாள். மூன்றாவது வரியில் முத்தம்மாவின் குரல் மேலே ஏறுகிறது. சுந்தரம்மாள் கண்ணை இறுக மூடி, புளிப்பிசுக்கு ஒட்டிய விரல்களால் முழங்காலைப் பற்றிக்கொண்டு, தன் மெட்டிலேயே நிற்கிறாள். தகரம் அதிர்கிறது. தட்ட மறந்த அருணாவின் கை அந்தரத்தில் நிற்கிறது, பாட்டு நிற்கவில்லை.

முடிந்தபிறகுதான் அருணா மூச்சை விடுகிறாள். முத்தம்மா பின்னால் திரும்புகிறாள்.

"இன்னாடி, உன்ன வுட்டுட்டேனா?" சுந்தரம்மாள் முந்திக்கொண்டு கேட்கிறாள்.

"இல்லக்கா. இத்தினி நாளு நான் மட்டுந்தான் பாடறாப்பல இருந்துச்சு. இன்னிக்குத்தான் நீ கூடப் பாடறது கேட்டுச்சு."