விரிக்காத கை

செண்பகாவின் கையில் அரைத்த மருதாணி ஆரஞ்சாகத்தான் பிடித்திருந்தது. காலையில் தாலி ஏறிவிட்டது, சாயங்காலம் ரிசப்ஷன். "இந்தக் கையைப் பார்த்தா என் பையனுக்கு உன்மேல ஆசையே இல்லைன்னு பேசுவாங்க" என்று மாமியார் கோகிலம் கறுப்பு மெஹந்தி கோனோடு வந்தாள். பத்தே நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்குமாம். செண்பகா வளையல்களை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினாள். நிச்சயதார்த்தத்துக்கு இதே கோனால் வரைந்த கொடி, கொப்பளித்து ஆறி, இலை இலையாக வெளுத்த தழும்பாகிக் கிடந்தது. "இலை மருதாணி நல்லாச் சிவக்க ரெண்டு நாள் ஆகும் அத்தை. அவருக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு சிவக்கட்டும். கறுப்பு பூசி மறைக்க வேண்டாம்."

கிண்ணத்தில் மிச்சமிருந்த விழுதை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை அறைக்கே போனாள். நந்தகோபனின் வலது உள்ளங்கையில் அப்பி விரல்களை மடக்கிவிட்டாள். "எனக்கு எவ்வளவு ஆசைன்னும் ஊர் பார்க்கட்டும்." நண்பர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்ச நேரம்.

மேடையில் வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் அவன் இடது கையையே நீட்டினான். வலது கை மூடியது மூடியபடியே இருந்தது. கழுவினானா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. "மாப்பிள்ளை சார், ரெண்டு பேரும் கையை விரிச்சுக் காட்டுங்க" என்றார் போட்டோகிராபர். செண்பகா தன் ஆரஞ்சுக் கைகளை விளக்கு வெளிச்சத்தில் நன்றாக விரித்தாள். "விரிங்க, நானும் பார்க்கணும்."

அவனுடைய சுண்டுவிரல் மெல்ல அசைந்தது. கோகிலம் மேடையேறி ஓடிவந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.