புதுத் தோல்

ஐந்தாம் சுற்று முடிந்து நிகானோர் தன் மூலைக்கு வந்து விழுந்தபோது, அவனுடைய வலப்பக்க விலா முழுக்க வேகவைத்த இறால்போலச் சிவந்திருந்தது.

பயிற்சியாளர் ரெய்முந்தோ அவன் வாயிலிருந்து பல்லுறையைப் பிடுங்கினார். வாளியில் ரத்தம் துப்பினான்.

"வலப்பக்கத்தையே போட்டு இடிக்கிறான். நீ என்னடான்னா இடது முழங்கைய விலாவோட ஒட்டவச்சிக்கிட்டு நிக்கிற. அங்க என்னடா, முட்டையா அடைகாக்குற?"

நிகானோர் எதிர் மூலையைப் பார்த்தான்.

எலியாஸ் உட்காரக்கூட இல்லை. புள்ளிகளில் வெகுதூரம் முன்னால் இருந்தான். மிச்சம் ஒரே சுற்று. ஜெயிப்பவன் பனாமா நகரத்தில் பட்டத்துக்கு மோதுவான். தோற்பவன் கோலோன் துறைமுகத்துச் சுமைக்கே திரும்புவான். நிகானோருக்கு இன்னொரு வாய்ப்பு வராது.

எலியாசின் வலது புருவத்தில் வாஸலின் தடித்துப் பளபளத்தது.

அதற்கடியில் என்ன இருக்கிறது என்று நிகானோருக்குத் தெரியும். இந்தச் சண்டை குறிக்கப்படுவதற்கு முன், மாலைப் பள்ளிக்குப் போகும் பேருந்தில் எலியாசே காட்டினான். பயிற்சியில் பிளந்த புருவம். மருத்துவச் சோதனைக்கு மை பூசிக்கொண்டு போவேன் என்று சொல்லிச் சிரித்தான்.

வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே நுண்ணோக்கி. சாயமேற்றிய வெங்காய வேரை முறைவைத்துப் பார்த்தார்கள். ஒரு செல்லில் இழைகள் நடுவே வரிசை கட்டியிருந்தன. அடுத்ததில் இரு பக்கமும் இழுபட்டிருந்தன. அதற்கடுத்ததில் குறுக்கே சுவர் எழும்பி, ஒன்று இரண்டாகியிருந்தது.

காயம் மூடுவதும் இப்படித்தான் என்றார் ஒதீலியா டீச்சர். ஓரத்துச் செல்கள் இரண்டிரண்டாகப் பெருகிவந்து நடுவில் சந்திக்கும். ஆனால் புதுத் தோல் பார்வைக்குத்தான் தோல். பலம் வர மாதக்கணக்காகும்.

எலும்பும் அப்படித்தானா என்று எலியாஸ் கேட்டான்.

அப்படித்தான், இன்னும் மெதுவாக என்றார் அவர்.

மணி அடித்தது.

முதல் குத்து நிகானோரின் வலது விலாவில். இரண்டாவதும் அங்கேயே. மூச்சு நின்றது.

இடது முழங்கையை விடுவித்தான்.

இடது முஷ்டி வளைந்துபோய் அந்தப் புருவத்தில் இறங்கியது. நிகானோரின் இடது விலா மறைப்பில்லாமல் கிடந்தது. எலியாசின் வலது முஷ்டி அதற்கு நேரே, ஒரு சாண் தள்ளி நின்றது.

அது வரவில்லை.

களைத்துவிட்டான் என்று நினைத்தான் நிகானோர். மறுபடி அங்கேயே குத்தினான். புருவம் நனைந்த காகிதம்போலக் கிழிந்தது. ரத்தம் முன்வரிசைச் சட்டைகளில் தெறித்தது. மூன்றாவது குத்து, கண் தெரியாமல் கையை நீட்டித் தேடிக்கொண்டிருந்தவன்மேல் விழுந்தது.

நடுவர் பாய்ந்து விலக்கினார். மருத்துவர் பிளவை விரித்துப் பார்த்து, முடிந்தது என்று கையை ஆட்டினார்.

நடுவர் நிகானோரின் இடது கையைத் தூக்கினார். விலாவுக்குள் நறுக்கென்றது.

விரிசல் விட்ட அந்த எலும்பைப் பற்றி அவன் ரெய்முந்தோவிடம்கூடச் சொல்லவில்லை. அதே பேருந்தில், சட்டையைத் தூக்கி, ஒருவனுக்கு மட்டும் காட்டியிருந்தான்.

ஆறு சுற்றிலும் அங்கே ஒரு குத்துகூட விழவில்லை.

எலியாஸ் முகத்தில் துண்டை அழுத்தியபடி வந்தான். நெஞ்சு படாமல் கழுத்தை மட்டும் அணைத்தான்.

"விலா எப்படிடா இருக்கு?"