பெட்டியில் ஒரு காலி இடம்

"என்னடி இது, பையில அம்மிக்கல்லையா தூக்கிட்டு வந்திருக்கே?"

"தண்ணி பாட்டில். நீங்க மயங்கி விழுந்தா தெளிக்கறதுக்கு."

"நான் ஏன் மயங்கப் போறேன்?"

மனைவி கைப்பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். விமான அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறைக்குள் இருவரும் நுழைந்தார்கள்.

அவர் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கிக்காரர்கள் மட்டும்தான் உபயோகித்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஸ்பேனர்'. பணி ஓய்வு விழாவில் பித்தளையில் ஒரு ஸ்பேனரையே செய்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். கைதட்டல் பிரமாதம். அவர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பட்டறை நடுவே அந்தப் பழைய விமானம் நின்றது. றெக்கைகள் தனியே, இருக்கைகள் தனியே, வயிற்றுத் தகடு தனியே. ஆபரேஷன் பாதியில் டாக்டர் டீ குடிக்கப் போய்விட்டது போல இருந்தது.

நீல உடுப்பு போட்ட பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விமானத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு அவள்தான் தலைவி.

"வாங்க சார். காணாமப் போன ஏதோ ஒண்ணைப் பத்திப் போன்ல கேட்டது நீங்கதானே?"

"ஸ்பேனரும்மா. இந்த ப்ளேன்ல வீல் நட்டை டைட் பண்ணிட்டு, படிக்கட்டுப் பக்கத்துல இருந்த டூல் பெட்டியிலதான் வச்சேன். பாசஞ்சரெல்லாம் பெட்டியைத் தாண்டிப் படியேறிட்டாங்க. அப்புறம் வழக்கம்போல எண்ணிப் பார்த்தா, ஒண்ணு குறையுது."

ஒரு கருவி குறைந்தாலும் விமானம் நகரக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். உள்ளே எங்காவது கிடந்து நடுவானில் எதிலாவது சிக்கினால், கதை கந்தல்.

"பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நானே ஓடிப் போய்க் குறுக்க நின்னு நிறுத்தினேன். அத்தனை பேரையும் இறக்கிவிட்டுத் தேடினாங்க. கிடைக்கல. 'உள்ள எங்கயோ போட்டுட்டு, பெட்டியில வச்சேன்னு புளுகுறான்'னு முடிவு பண்ணிட்டாங்க. பிரமோஷன் போச்சு. பேரும் போச்சு." குரல் இறங்கியது. "அதான் கேக்கறேன். உள்ள இருந்துச்சா?"

"றெக்கையில இருந்து வால் வரைக்கும் பிரிச்சாச்சு சார். கிடைச்சது ஒரு சீப்பு, ஏழெட்டு சட்டை பட்டன், யாரோ ஒருத்தரோட பல்செட். ஸ்பேனர் இல்ல."

"இல்லவே இல்லயா?"

"சத்தியமா இல்ல."

ஸ்பேனருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? உள்ள இல்லயாம்! நான் புளுகலடி!"

"நான் என்னிக்குங்க உங்களை நம்பாம இருந்தேன்?"

"அது வாஸ்தவம். ஊரே சிரிச்சப்போ இவ ஒருத்திதாம்மா நம்பினா."

"அம்மாவும் ஏர்போர்ட்லதான் வேலை பார்த்தீங்களா?" என்று பெண் கேட்டாள்.

"டிக்கெட் கவுன்டர்ல. வேற ஊருக்கு மாத்தலாகி, அன்னிக்கு அதே ப்ளேன்லதான் கிளம்பினேன். இறக்கி விட்டுட்டாங்க. வந்து பார்த்தா, இவர் தூணுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டிருந்தாரு. காபி வாங்கிக் குடுத்தேன். அன்னிக்குத்தான் வாயைத் திறந்து பேசினாரு. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா தினமும் கவுன்டருக்கு வந்து 'மணி என்ன?'ன்னு மட்டும் கேட்டுட்டுப் போவாரு. கையில வாட்ச் கட்டிக்கிட்டே."

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேசைமேல் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். "இதுதானே சார் உங்க பெட்டி? விசாரணைன்னு சீல் வச்சுட்டு அப்படியே மறந்துட்டாங்க போல. ப்ளேனோட சேர்ந்து வந்துச்சு."

உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் இடம். எல்லாவற்றிலும் கருவி இருந்தது. ஒன்று மட்டும் காலி.

ஸ்பேனர் அந்தக் காலி இடத்தை விரலால் தடவினார். தடவத் தடவ ரத்தம் தலைக்கேறியது.

"அப்ப எவனோ எடுத்திருக்கான். எடுத்தவன் கை விளங்குமா? அந்தக் கை..."

"ஏங்க, கொஞ்சம் பார்த்துச் சபிங்க," என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, சிவப்பு இடத்தில் வைத்தாள். கனகச்சிதமாகப் பொருந்தியது. "அந்தக் கை பொங்கிப் போட்டதைத்தான் இத்தனை வருஷமாச் சாப்பிடுறீங்க. ஒண்ணு குறைஞ்சா நீங்க மறைக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். மணி கேக்கறதைத் தவிர வேற எதுவும் கேக்கத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு, ப்ளேனை நிறுத்தாம நான் வேற என்னங்க பண்றது?"

ஸ்பேனர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, கையில் வாட்ச் இருந்தும், மெல்லக் கேட்டார்:

"மணி என்ன?"