ஏர் லாக்

"செல்ப் அடிங்க" என்றான் தம்பி.

லாரி கேபினில் உட்கார்ந்திருந்த அண்ணன் நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் வேகமாகச் சுற்றியது. பிடிக்கவில்லை.

சைலன்சரில் துளிப் புகை இல்லை.

பேட்டரி அல்ல. டீசல் ஏறவில்லை.

ஃபில்டர் தலையில் இருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினான். டீசலோடு நுரை பொங்கியது. எங்கோ காற்றை இழுக்கிறது.

மேலே தக்காளி லோடு. சித்திரை வெயில். அடிப்பெட்டிகள் ஒழுக ஆரம்பித்திருந்தன.

பைபாஸில் எத்தனையோ பட்டறைகள். வண்டி இவன் பட்டறைக்கு எதிரே வந்துதான் இருமி நின்றது. அண்ணன் வெகுநேரம் கேபினை விட்டு இறங்கவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் சாலையைக் கடந்து வந்தார்.

"தம்பி" என்றார். வண்டியைக் கை காட்டினார்.

இவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தான்.

இதே வண்டிதான். அப்போதெல்லாம் இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள். அடியில் படுத்துப் பழுது பார்ப்பது மட்டும் எப்போதும் இவன் வேலை.

அன்றைக்கு ஓட்டியது அண்ணன். கணவாய் இறக்கத்தில் கண் அயர்ந்தார். பைக்கில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் அந்த இடத்திலேயே முடிந்துபோனார்கள்.

போலீஸ் வருவதற்குள் இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்கடா. நீ கல்யாணம் ஆகாதவன்."

ஓட்டியது நான்தான், தூங்கிவிட்டேன் என்று இவன் சொன்னான்.

ஜெயில். லைசென்ஸ் போனது. நிச்சயம் செய்திருந்த பெண் வேறு வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் ஒரு தடவைகூட மனு போட்டுப் பார்க்க வரவில்லை. மூத்த மகள் கல்யாணத்துக்கும் அழைப்பில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி பேசுவார்களாம், ஜெயிலுக்குப் போனவன் என்று.

குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான்.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய். கிளிப்புக்கு அடியில் மயிரிழைக் கீறல். டீசல் கசியாது. காற்றை மட்டும் உறிஞ்சும்.

குழாயை மாற்றினான். பம்பை அமுக்கினான். நுரை குறைந்தது, நின்றது. திருகை இறுக்கினான்.

"இப்ப அடிங்க."

இன்ஜின் உதறிக்கொண்டு பிடித்தது.

அண்ணன் இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருடா. உன் கைக்குத்தான் இந்த வண்டி கேக்கும்."

"வேண்டாங்ண்ணா. ஸ்டேரிங்கப் புடிச்சா எனக்குத் தூக்கம் வந்துரும்."

அண்ணன் அண்ணாந்து மேலே பெட்டிகளைப் பார்த்தார்.

"லோடு அழுகிடும்" என்றார் அண்ணன், யாரிடமோ சொல்வதுபோல. ஏறி உட்கார்ந்தார்.

இவன் பட்டறைக்குள் போனான். புதுக் குழாயில் ஒரு முழம் வெட்டினான். இரண்டு கிளிப்பும் ஒரு ஸ்பேனரும் எடுத்தான். ஜன்னல் வழியே நீட்டினான். எப்படி மாட்டுவது, எந்தத் திருகைத் தளர்த்துவது, நுரை நிற்கும்வரை எப்படி அமுக்குவது, எல்லாம் நிதானமாகச் சொன்னான். அண்ணனைத் திருப்பிச் சொல்ல வைத்தான்.

"இனி எங்க நின்னாலும் நீங்களே பாத்துக்கலாம். யாரையும் தேடி வர வேண்டியதில்லீங்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்மேல உனக்கு இன்னும் பாசம் போகலடா."

இவன் கேபின் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான், வண்டியை எடுக்கச் சொல்லி.