மதியக் காட்சி

பிணங்கள் எழுந்து மனிதர்களைக் கடித்துத் தின்னும் வெளிநாட்டுப் படம் ஒன்று எண்பத்து நான்கில் தென்காசிக்கு வந்தது. பத்தாவது படிக்கும் மகள் சொர்ணம் பார்த்தே ஆகவேண்டும் என்று அழுதாள். பிள்ளைக்கு ஏற்ற படமா என்று அறிய முப்பிடாதியம்மாள் முதலில் தனியாகப் போனாள். திரை முழுக்க ரத்தமும் குடலுமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு வந்த பிணக்கூட்டத்தில், முந்தின ஆண்டு குற்றால வெள்ளத்தில் போய் உடலே கிடைக்காத அவள் கணவர் செல்லச்சாமியும் நடந்து வந்தார்.

“நான் பாக்கலாமாம்மா?” என்றாள் சொர்ணம்.

“வேண்டாம்ட்டி. சின்னப் பிள்ளைக பாக்குத படமா அது?”

அவள் மட்டும் தினமும் போனாள். கடைசி நாள் திரையில் அவர் வரவில்லை. பெண்கள் பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டியது. திரும்பிப் பார்க்காமல், தலை துவட்டிக்கொள்ள முந்தானையை நீட்டினாள்.