உச்சியில் ஒரு சிவப்பு

குப்புராஜுக்குக் காலையிலிருந்தே வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. குவாரியில் இருபது வருஷம் சம்மட்டி தூக்கிய தோள். ஆனாலும் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய படங்கள் விற்கும் கடையை விட்டு அவன் நகரவில்லை.

"காலண்டரே சும்மா குடுக்குறான். காசு குடுத்து படம் வாங்குறியாய்யா?" என்றாள் மனைவி தனக்கோடி.

"இதுவரைக்கும் ஒண்ணாவது வாங்கிக்கீறேனா? இது வேணும்."

பக்கத்தில் சிட்லபாக்கம் ஸ்ரீரங்கன் தன் புது வீட்டு ஹாலுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தார். குப்புராஜின் கையிலிருந்த மலைப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"நம்ம குவாரி மலைதானே? அதுக்கு ஏதுப்பா இவ்வளவு பெரிய உச்சி? வரைஞ்சவன் மலையைப் பார்த்ததே இல்லை. மேல சிவப்பு பெயின்ட் வேற சிந்தியிருக்கு. அந்த மயில் படத்தை எடுத்துக்கோ."

குப்புராஜ் கடைக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"உச்சி இருந்துச்சு சார். எழுபத்தி மூணுல அதுக்கு வெடி வச்சதே நான்தான். அது பெயின்ட் சிந்துனது இல்ல, உச்சிப் பாறையா நின்ன எங்க பாறையம்மாவோட குங்குமம். கற்பூரம் ஏத்தி அவளைக் கும்புட்டுத்தான் வேலைக்கு எறங்குவோம். மன்னிச்சுக்கோ தாயீ, சேவல் அறுக்கறேன்னு வேண்டிக்கினு திரியக் கொளுத்துனேன். அப்பால அறுக்க எடமே இல்லாமப் போச்சு."

ஸ்ரீரங்கன் குனிந்து அந்தச் சிவப்பை மறுபடி பார்த்தார்.

தனக்கோடி படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். எதிரே கோழிக் கூண்டுகள் இருந்தன. கையில் பஸ்ஸுக்குத்தான் காசு மிச்சம்.

"அடுத்த வெள்ளிக்கெழம வாங்கிக்கலாம்யா," என்றாள்.

பாறையம்மாவுக்கு இன்னும் ஒரு சேவல் பாக்கி.